சுழி கடக்கும் இடம்

செனான் விளக்கு சூடேற அரை மணி.
அதுவரை அஸ்யூத்தின் வெயிலுக்குத் திரை இழுத்துவிட்டு
குவார்ட்ஸ் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள் இல்ஹாம்.
இரண்டே குப்பிகள். ஒன்றில் கீறல்.
விரல் ரேகை ஒளிரும், சோப்பு ஒளிரும்,
துடைத்த காகிதத்தின் தூசும் ஒளிரும்.
பாவம், யார் பேசினாலும் காது கொடுக்கும் கருவி.

மாத்திரைக்குள் இரண்டு பேர்:
அம்லோடிபின் ஐந்து மில்லிகிராம், வல்சார்டன் நூற்றறுபது.
அட்டை அப்படித்தான் சொல்கிறது.
ஆளுக்கொரு பக்கமாய்ப் பிரித்துக் காட்டும் எந்திரம்
மேல்மாடியில் இருக்கிறது, பம்ப் பழுதாகிப் பதினான்கு மாதம்.
கெய்ரோவுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

ஆகவே ஒளி.
புற ஊதாவை வாங்கி, கொஞ்சம் தனக்கென்று முடிந்துகொண்டு
மிச்சத்தை நீலமாய்த் திருப்பித் தருகிறது மருந்து.
இரண்டும் சேர்ந்து தந்தால்
எந்தச் சரிவு யாருடையது என்று தெரியாத
ஒற்றைக் குன்று.

தூண்டும் அலையையும் வெளிவரும் அலையையும்
இடைவெளி மாறாமல் சேர்ந்து நடக்கவிட்டாள்.
குன்று ஒடுங்கியது.
வகைக்கெழு எடுத்தாள். கோடு ஏறி, இறங்கி,
நடுவில் ஓரிடத்தில் சுழியைத் தொட்டுக் கடந்தது.
அங்கே அம்லோடிபின் வாய் மூடியிருக்கிறது.
அங்கே கேட்பதெல்லாம் மற்றதன் குரல்.
ஒருவர் சுழியாகிற இடத்தில் நின்றுதானா
இன்னொருவரை அளக்க முடிகிறது?
நோட்டில் இதை எழுதவில்லை.
அலைநீளத்தை மட்டும் எழுதினாள்.

அடுத்து ரத்தம்.
மருந்து படாத பிளாஸ்மா வேண்டும்; அளந்து கலந்து,
கலந்தது கலந்தபடி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.
கண்ணாடிச் சாமான் கழுவும் ஷுக்ரல்லா
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை மடித்தார்.
மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா, படிவம் கேட்டது.
"தலைவலி மாத்திரைகூடக் கிடையாது, டாக்டர்."
கையெழுத்துப் பெரிதாய், கோட்டைத் தாண்டி.

வெற்று மாதிரி. கோடு தட்டையாய்ப் போகவேண்டும்.

போகவில்லை.

குப்பியை மாற்றினாள். மெத்தனாலை மாற்றினாள்.
கையுறையைக் கழற்றிப் புதிது போட்டாள்.
அதே இடத்தில் அதே சின்ன மேடு,
கதவுக்குப் பின்னால் ஒளிந்த குழந்தையின் செருப்பு நுனி மாதிரி.
வல்சார்டன்.

பல்கலைக்கழகப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள்.
உடற்தகுதிச் சான்று கேட்கிறார்கள்.
போன வாரம்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், பிப்பெட் கழுவியபடி.

மாதிரி ஒன்று: நிராகரிக்கப்பட்டது.
காரணம் —
பேனா நின்றது.
குறுக்கீடு, என்று எழுதினாள். துறைக்குள் செல்லுபடியாகும் சொல்.

மதியம் அவித்த பயறு, ரொட்டி, டர்னிப் ஊறுகாய்.
ருசி பார்க்கும் முன்பே உப்புக்குக் கை நீட்டினார் ஷுக்ரல்லா.
ஊறுகாய்த் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள் அவள்,
உப்பையும்.
"இன்றைக்குச் சமையலில் கை தாராளம்," என்றாள் ஜன்னலைப் பார்த்து.

அவர் அவளைப் பார்த்தார்.
இருவரில் யார் முதலில் சுழியானார்கள், தெரியவில்லை.
ரொட்டியைப் பிய்த்தார்.

ரத்த வங்கியிலிருந்து வேறு பை
ஞாயிற்றுக்கிழமை வரும்.