எண்பத்தெட்டாம் தீர்மானம்

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுக்கு மேலே,
ஐந்தாம் மாடிப் பலகணியில்
துணிக்கொடிக்கும் சாம்பல் கிண்ணத்துக்கும் நடுவே
மக்வாலா ஒரு மழைமானி வைத்திருக்கிறாள்.
உள்ளே கரண்டியளவில் இரட்டைக் குழி.
ஒன்று நிரம்பினால் சாயும்: டக்.
ஒவ்வொரு டக்கும் பிளாக்செயினில் ஏறும்,
அழிக்க முடியாதாம்.
மாதக் கடைசியில் நாலோ ஐந்தோ டோக்கன்.
நமக்கு ரேஷன் கடை ஞாபகம் வரும்; அவளுக்கு வராது.

பகலெல்லாம் தூக்கம்.
இரவெல்லாம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
அடுத்தவர் ரத்தத்தைக் கொதிநீரில் கரைக்கும் வேலை.

அக்டோபரில் வந்தது எண்பத்தெட்டாம் தீர்மானம்:
பலகணிக் கருவிகளுக்கு இனிப் பத்தில் ஒரு பங்கு கூலி,
மீதி பெரிய நிலையங்களுக்கு.
தரவின் தரம் கருதி என்று எழுதியிருந்தது.
யார் கருதினார்கள் என்று எழுதியிருக்கவில்லை.

ஒன்பது நாள் ஆள் சேர்த்தாள்.
வேன் ஓட்டும் ஜும்பர், அறுபது டோக்கன்.
சுக்திதியில் ஹேசல்நட் தோட்டக்காரி லியானா,
இருநூற்றுச் சொச்சம்; கொஞ்சம் கர்வமும் உண்டு.
பத்துமியில் ஒரு பல்வைத்தியர்.
அர்மீனியாவில் யாரோ, பிறகு பெருவில் யாரோ,
மொழிபெயர்ப்புச் செயலி வழியே
ஒருவரை ஒருவர் மாமா, அத்தை என்று அழைத்தார்கள்.
ஒரு வாக்கைப் பதியவே கட்டணம் இரண்டு லாரி.
அந்த நாட்டுக் காசின் பெயர் லாரி, சிரிக்காதீர்கள்.
ஜும்பர் சிரிக்கவில்லை:
"இரண்டு லாரிக்கு ரொட்டியே வாங்கலாம், மக்வாலா."
வாங்காமல் வாக்களித்தான்.
அவளும் தன் நாற்பத்தொன்றைப் போட்டாள்.

கடைசி இரவு.
உலர்த்தும் எந்திரத்தில் சாய்ந்து திரையைப் பார்த்தாள்.
வேண்டாம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு பேர்,
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் டோக்கன்.
ஆம்: பத்தொன்பது பேர்.
மீதம் ஆறு நிமிடம்.
லியானா கண்ணாடிக் கோப்பைப் படம் ஒன்று அனுப்பினாள்,
விளிம்பு வரை ஒயின்.

இரண்டாம் நிமிடத்தில் இருபதாவது ஆள் வந்தார்.
ஆள் என்று சொல்லக் கூடாது, ஒரு முகவரி.
ஆம்.
நாற்பத்திரண்டு லட்சம்.

எண்ணுவது என்றால் கணக்கிடுவது,
எண்ணுவது என்றால் நினைப்பதும்தான்.
அவர்களை அங்கே யாரும் எண்ணவில்லை.
துணி மூட்டையைத் தராசில் போடுவதுபோல்
எடை பார்த்து எழுதினார்கள்.

விடிகாலையில் ஜும்பர் அந்த முகவரியைத் துருவினான்.
பணக்காரர் யாரும் இல்லை. பரிவர்த்தனை நிலையம்.
ஊரார் வட்டிக்குப் போட்டுவைத்த டோக்கனையெல்லாம்
ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கியிருக்கிறது.
பெரிய மழை நிலையங்களிலும் அதற்குப் பங்குண்டு.
விதிமுறையில் நாற்பத்தேழாம் பத்தி:
வைப்பாளர் சார்பில் நாங்கள் வாக்களிக்கலாம்.

மக்வாலா பேசவில்லை.
போன குளிர்காலத்தில், நாலு சதவீதத்துக்கு ஆசைப்பட்டு,
அவளும் அங்கே போட்டிருந்தாள்,
முன்னூறு.

நாற்பத்தொன்று வேண்டாம் என்றது.
முன்னூறு ஆம் என்றது.
தன்னையே ஏழு மடங்கால் தோற்கடித்துவிட்டு
ஒருத்தி பேருந்துக்கு நிற்கிறாள்,
கையில் சோப்பு வாசனை.

திருப்பித் தா என்று பொத்தானை அழுத்தினாள்.
பதினான்கு நாள் ஆகும் என்றது.
எண்பத்தொன்பதாம் தீர்மானத்துக்கு ஒன்பது நாள்தான்:
ஐயாயிரம் டோக்கனுக்குக் கீழே உள்ளவர்
இனித் தீர்மானம் கொண்டுவர முடியாது.

லியானா கேட்டாள், கருவியைக் கழற்றிவிடலாமா?
பார்ப்போம் என்றாள் மக்வாலா.
அதற்குள் தூறல் தொடங்கியிருந்தது.
கொடியில் கிடந்த போர்வையை அவசரமாக உருவினாள்.
டக் என்றது.
இந்தக் கூலிக்கு இது எத்தனையாவது என்று
ஏனோ விரல் விட்டாள்,
மூன்றில் தூங்கிப்போனாள்.