பத்து வெள்ளிக் கழுவல்

செந்தூல் மேம்பாலத்துக்குக் கீழே
மோட்டார் கழுவும் கடை.
வழக்கமாக ஆறு வெள்ளி.
என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
பத்து என்றார் முதலாளி.
"என்னா திலகா, வயக்காட்டுலயா ஓட்டுன?"

முப்பத்தாறு நாள்.
சயாம் முழுக்கக் கரும்பு லாரிகளின் முதுகைப் பார்த்தபடி,
ஆற்றுப் பாலம் தாண்டி
அதற்கும் மேலே அந்த மலைகள்.
வெளியாட்களுக்கு இந்த வருஷம்தான் திறந்தார்கள்.

சாவடியில் ஒரு நீளப் பேரேடு.
எனக்கு முன்னால் பதினோரு பேர்,
கடைசியாகப் போனது சைக்கிளில் ஒரு பெல்ஜியக்காரன்.
என் கடப்பிதழைத் தலைகீழாகப் பிடித்து
வெகுநேரம் பார்த்த சிப்பாய்
என் பெயரையும் அப்பா பெயரையும்
நடுவில் நிற்கும் ஏ பி-யையும்
ஒட்டி ஒரே சொல்லாக எழுதினான்.
பன்னிரண்டாவது வரி.
அந்த எண்ணை உடையாமல் வீடுவரை கொண்டுவந்தேன்.

இப்போது அதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்
முதலாளியிடமும், டயருக்குக் காற்றடிக்க வந்தவரிடமும்,
தே ஓ ஐஸ் குழலைக் கடித்தபடி:
பெட்ரோலை பாட்டிலில் விற்பார்கள்,
பாலம் என்றால் மூன்று பலகை,
நாலாம் நாள் சங்கிலி அறுந்தது,
போனில் என் நீலப்புள்ளி
பெயரே இல்லாத பச்சையில் நின்றது.
"தனியாவா?"
தனியாத்தான்.

பீச்சுக்குழாய் பிடித்திருந்த பையன்
(பையனில்லை, முப்பது இருக்கும், பெயர் லியான்)
சக்கரமூடிக்குள் விரல் விட்டு
ஒரு கட்டி செம்மண்ணைப் பெயர்த்தான்.
கட்டைவிரலால் நசுக்கினான்.
மலாயில் கேட்டான்:
அக்கா, அந்தப் பலகைப் பாலத்துக்குப் பக்கத்தில்
தகரக் கூரை போட்ட தேவாலயம்
இன்னும் இருக்கிறதா?

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

நானூறு படங்கள். தள்ளித் தள்ளித் தேடினேன்.
என் வண்டி, மேகம், என் வண்டி,
என் நிழல், ஒரு பன்றிக்குட்டி.
ஒன்றின் ஓரத்தில் மட்டும் ஏதோ மினுக்கியது.
ஈர விரலால் விரித்தான்.
விரிக்க விரிக்க
அது வெறும் சாம்பல் கட்டங்களாகிப் போனது.

நீ எந்த வழியாக வந்தாய்?
அதே வழி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால்.
இறக்கத்தில். ராத்திரியில் மட்டும்.
பிறகு லாரி, வெங்காய மூட்டைக்கு அடியில்.
எத்தனை நாள்?
நாளை எண்ணவில்லை, அக்கா.
ஆட்களைத்தான் எண்ணிக்கொண்டே வந்தோம்.

சாவடி அப்போதும் இருந்ததா?
இருந்தது. பின்பக்கம் ஓர் ஓடை உண்டு.

வரிசையில் நாலு வண்டி, முதலாளி கத்தினார்.
குழாய் உறுமியது.
எல்லா வண்டிக்கும் செய்வதுபோலவே
சக்கரத்தில் தொடங்கினான்.
சிமெண்டுத் தரையில் சிவப்பாய் ஓடிய தண்ணீர்
சாக்கடைக் கம்பியில் கொஞ்சம் தயங்கி
உள்ளே இறங்கியது.

ஜாலான் ஈப்போ திருப்பத்தில்
போலீஸ் தடுப்பு, மஞ்சள் விளக்கு.
பளபளக்கும் வண்டியைப் பார்த்ததும்
போ போ என்று கையசைத்தார்கள்.
இன்னும் சற்று நேரத்தில் அவன் வேலை முடியும்.
அவன் நம்பர் என்னிடம் இல்லை.
ஒருவழிச் சாலை. சுற்றிக்கொண்டு போனால்
இரண்டு கிலோமீட்டர். போனேன்.

கடை சாத்தியிருந்தது. தரையில் ஈரம்.
பின்சுவரை ஒட்டி, லாலான் புல்லுக்கு நடுவே
ஆற்றோரமாய் இறங்கிப் போகிறது
ஓர் ஒற்றையடித் தடம்.
ஆறு வருஷமாக இங்கேதான் கழுவுகிறேன்,
இன்றைக்குத்தான் பார்த்தேன்.