நான்கு மில்லிமீட்டர்

காக்கி புக்கிட் பட்டறையில்
ரொஸ்லான் என் உள்ளங்கையில் வைத்தது
ஓர் அலுமினியத் தகடு.
ஐம்பது காசு அகலம், நடுவில் துளை,
நான்கு மில்லிமீட்டர் கனம்.
இதற்கா அரை நாள் விடுப்பு எடுத்தேன்
என்று தோன்றியது.

பின் ஷாக்கின் தலைமாட்டில் இதைச் செருகினால்
சக்கரத்திடம் போய்ச் சேர்வதற்குள்
ஒன்பதாகிவிடும் என்றான்.
மீட்டர் வட்டிக்காரன்கூட
இவ்வளவு கேட்க மாட்டான்.

காரணம் என் வலது தோள்.
போன நவம்பர், பயனியர் ரோடு,
மழையில் வானவில்லாய் விரிந்த டீசல்.
எலும்பு ஒட்டிவிட்டது.
ஆனாலும் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
கைப்பிடியை அழுத்தும் கை
யாரிடமோ கடன் வாங்கிய கை.
வண்டியோ பிடிவாதக்காரி.
சாய மாட்டாள். சாய்ந்தாலும்
நான் பார்த்த பாதையில் வர மாட்டாள்.
தலைக்கனம், என்றேன்.
ரொஸ்லானுக்குத் தமிழ் தெரியாது.
இருந்தும் சரியான இடத்தில் சிரித்தான்.

கூரைக் கொக்கியில் பட்டை மாட்டி
வாலைத் தூக்கினான்.
பின்சக்கரம் அந்தரத்தில்
தானாக ஒரு கால் சுற்று சுற்றி நின்றது.
பின்னால் உயர்த்தினால் முன்னால் குனியும்.
முன் ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும்,
அரைப் பாகைகூட இருக்காது.
பணிவு என்று இதைச் சொல்ல முடியாது.
ஆனால் பார்க்க அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியை விட்டு விலகி
சவுத் புவனா விஸ்தா ரோட்டில் இறங்கினேன்.
முதல் வளைவு.
பழைய பழக்கத்தில் அழுத்தினேன்,
பூட்டியிருக்கும் என்று நினைத்துத்
தோளால் மோதிய கதவு
சும்மா சாத்தி மட்டும் இருந்தது போல
உள்ளே போய் விழுந்தேன்.
ஓரக் கல் முழங்காலுக்கு அருகில் வந்து போனது.
எதிரே வந்த டாக்சிக்காரர்
விளக்கை இரண்டு முறை சிமிட்டினார்.

இரண்டாவது வளைவில் பாதி அழுத்தம்.
மூன்றாவதில் விரல்கள் மட்டும்.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.
ஈர மரங்களின் வாசனை
பல மாதங்களுக்குப் பின் மூக்கில் ஏறியது.
இவ்வளவு நாளும்
ஹெல்மெட்டுக்குள்
வலியைத்தான் முகர்ந்துகொண்டிருந்தேனா?

ஏஒய்இ-யில் தொண்ணூறைத் தொட்டதும்
கைப்பிடியில் ஒரு சின்ன நடுக்கம்,
பொய் சொல்லப் போகிறவனின் உதடு மாதிரி.
எண்பத்தைந்தில் அடங்கியது.
தொண்ணூறில் மறுபடி.
சரி, இதுதான் வட்டி.

தேபான் கார்டன்ஸ். இரவு எட்டு மணி.
யோகவதி பின்னால் ஏறினாள்,
ஜூரோங் ஈஸ்ட்டில் மீன் வாங்க.
"என்ன, சீட்டு உசந்திருக்கு?"
"இல்லையே."
அவள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்கியது,
ஒன்பதும் போனது.
காக்கி புக்கிட் போகாத வண்டி மறுபடியும்
என் தொடைகளுக்கிடையில்.
முதல் சந்திப்பிலேயே தோள் முனகியது.
காரணம் சொல்லலாம்.
சொன்னால் அவள் காதில் விழுவது
எடை என்ற ஒரே ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.
"இன்னைக்குத்தான் ஒழுங்கா, நிதானமா ஓட்டுறே," என்றாள்
என் வலது தோளில் கை வைத்து.

பக்கத்துக் காலுக்கு இப்போது உயரம் போதவில்லை.
நிறுத்தினால் குடித்தவன் போல்
இடப்பக்கம் சரிகிறது.
மைலோ டின் மூடி ஒன்றை அடியில் வைத்தேன்.
காலையில் மூடி இல்லை,
கூட்டுபவர் எடுத்துப் போயிருப்பார்.
வண்டி விழவில்லை.
இன்னும் கொஞ்சம் சாய்ந்து
பக்கத்து வேனின் கண்ணாடியில்
தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்விளக்கும் குனிந்துவிட்டது.
கார் நிறுத்துமிடச் சுவரில்
வெளிச்ச வட்டம்
நேற்றுவரை தொட்ட ஆணித் தழும்புக்கு
ஒரு சாண் கீழே விழுகிறது.
அதைத் திருகி நிமிர்த்த வேண்டும்.
ஷிஃப்டுக்கு இருபது நிமிடம் இருக்கிறது.
நட்சத்திரத் தலை திருப்புளியை
எங்கே வைத்தேன்?