கேட்டு

காசிமேட்டு ஐஸ் ஆலையின் சுவரில் ஒரு பச்சைப் பெட்டி.
உள்ளே இசட்-எய்ட்டி. இரண்டு கிலோபைட் ரோம்.
எழுதியவர் யாரென்று தெரியாது,
எழுதிவைத்த தாளும் இல்லை.
பாளம் உறைய இன்னும் எத்தனை நேரம் என்று
எண்ணிக்கொண்டே இருக்கிறது
நான் பிறப்பதற்கு முன்பிருந்து.

ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை தப்பாக எண்ணும்.
மணி முன்னாடியே அடித்துவிடும்.
வெளியே வந்த பாளத்துக்குள்
உறையாத தண்ணீர்
கூமுட்டை மாதிரி குலுங்கும்.
லாஞ்சுக்காரர்கள் தேசப்பனின் பரம்பரையையே இழுப்பார்கள்.
இருசப்பன் வந்து பெட்டியின் இடது விலாவில்
உள்ளங்கையால் ஒன்று வைப்பான்.
அடுத்த பாளம் கல்லாக வரும்.
"நல்ல போர்டுதாம்மா, கோவம் மட்டும் வரும்" என்பார் தேசப்பன்.

கொருக்குப்பேட்டை கேட்டில்
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
ரயிலைப் பார்த்து யாரும் கேட்டை மூடுவதில்லை.
போன் வருகிறது, மூடுகிறார்.
கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தண்டவாளம்,
ஆனாலும் மூடித்தான் இருக்கிறது.
எனக்கு வேண்டிய மொழி அதுதான் என்று அப்போது தோன்றியது.
ஓடுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்கிற மொழி.

பேர் வைத்தேன்: கேட்டு.
ஒரே சட்டம்.
கெடுப்பதானால் கேட்டுக் கெடு.
உள்ளே வரும் எந்த ஃபங்ஷனும்
எந்த ரெஜிஸ்டரைத் தொடுவேன், எதை அழிப்பேன்,
ஸ்டாக்கில் எத்தனை பைட் ஆழம் இறங்குவேன் என்று
வாசலிலேயே சொல்லியாக வேண்டும்.
தன்னையே கூப்பிடுகிறவனுக்கு அனுமதி இல்லை,
அவன் ஆழம் அவனுக்கே தெரியாது.

மூடிய கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து
நுழைந்து போகிறவர்கள் எப்போதும் உண்டு.
அவர்களுக்காக ஒரு சொல் வைத்தேன்: குனி.
குனிந்து போ, காப்பாற்ற மாட்டேன்,
ஆனால் எத்தனை முறை குனிந்தாய் என்று கணக்கெழுதி வைப்பேன்.
என் சொந்தக் கோடில் மூன்று.

நான்கு மாதம்.
ரோமிலிருந்த பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து
கேட்டில் திருப்பி எழுதினேன்.
கரண்ட் போனால் விசிறிக்கொண்டு எழுதினேன்.
ஒரு செவ்வாய் விடிகாலை கம்பைலர் முரண்டியது,
வரி நானூற்றுப் பதினொன்று:
நிழல் ரெஜிஸ்டர்களை இருவர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் லைன் வீட்டின் கோடி அறையில்
கிளமெண்டும் பாபுஜானும் ஒரே கட்டிலுக்கு வாடகை கொடுத்தார்கள்.
மணலியில் ஒருவனுக்குப் பகல் ஷிப்ட், மற்றவனுக்கு ராத்திரி.
வருஷக்கணக்கில் ஒருவன் தூங்கி இன்னொருவன் பார்த்ததில்லை.
ஷிப்ட் மாறிய ஒரு நாள்
இருவரும் சோற்றுத் தூக்கோடு
கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அதேதான்.
எண்ணுகிறவன் பாதி எண்ணிக்கையை
நிழலில் படுக்கவைத்துவிட்டுத் திரும்புவதற்குள்
டைமர் குறுக்கே வந்து
காலிக் கட்டில் என்று நினைத்து
அதன் மேலேயே படுத்திருக்கிறது.
சில மைக்ரோசெகண்ட் இடைவெளி.
ஆறேழு மாதத்துக்கு ஒருமுறைதான் இருவரும் சேர்ந்து வருவார்கள்.

உள்ளே போகும்போது ஒரு கட்டளை, வெளியே வரும்போது ஒரு கட்டளை,
நடுவில் யாரும் கதவைத் தட்டக் கூடாது.
இரண்டு பைட்.
புது ரோமைச் சொருகினேன்.

"ஓட்டிப் பாத்தியாம்மா?"
"இல்லண்ணே, படிச்சுதான் பாத்துது."
"இன்னாது, ஓட்டாமலேவா?"
தேசப்பன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்,
பிறகு அம்மோனியா மீட்டரைப் போய்ப் பார்த்தார்.

இரண்டு மழைக்காலம் ஆயிற்று.
உடைத்த பாளமெல்லாம் நடு வரைக்கும் கல்.
இருசப்பன் மட்டும் இன்னமும்
ஏலத்துக்குப் போகிற வழியில்
இடது விலாவில் ஒன்று வைத்துவிட்டுப் போகிறான்.
அதை எந்த வாசலில் எழுதிக்கொள்வது?
அவன் எதைத் தொடுகிறான், எதை அழிக்கிறான் என்று சொல்வதில்லை.
கேட்டு வருவதுமில்லை.