“ஒச்ச

காலை ஐந்து நாற்பதுக்கு
கருமாத்தூர்ப் பக்கத்துப் பால் சொசைட்டியில்
கரண்டு போனது.
மிஷின் அப்போது
ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்:
நெளிவு அடைப்பு ஒன்று, திறந்தபடி.
லிட்டர். கொழுப்பு.
பிறகு ஒரு மேற்கோள்குறி,
அதற்குள் ஒச்ச.
உறுப்பினர் எண் பெயருக்குப் பின்னால்தான் வரும்.
வரவில்லை.

காளவாசலில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
நானும் பெனாசிரும்
இந்த மாதிரி உடைசல்களை உட்கார்ந்து ஒட்டுகிறோம்.
நாற்பத்தொரு சொசைட்டி, நாளுக்கு இரண்டு வேளை.
காற்புள்ளியை விழுங்கிய பதிவுகள்,
ஒற்றைக் குறியில் திறந்து இரட்டைக் குறியில் மூடியவை,
கடைசியில் வேண்டாத ஒரு காற்புள்ளியோடு
இன்னும் யாரோ வருவார்கள் என்று நிற்பவை.

முதல் வாரம் அடைப்புகளை மட்டும் பார்த்தேன்.
அது சுலபம்.
மாசி வீதி தாண்டி, ஆவணி மூல வீதி தாண்டி
சித்திரை வீதிக்குள் போனவன்
வெளியே வர
அதே வீதிகளைத் தலைகீழாகத்தானே கடக்க வேண்டும்.
கடைசியாகத் திறந்ததை முதலில் மூடு.
எத்தனை வீதி உள்ளே நிற்கிறாய் என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டே போ.
வரி அறுந்தால்
மிச்ச விரல்களை ஒவ்வொன்றாக மடக்கு.
எழுதி ஓட்டினேன்.
ஆயிரத்து இருநூறு பதிவில் பதினொன்று தவிர
எல்லாம் எழுந்து உட்கார்ந்தன.
பெனாசிர் கீழே போய்
ஆளுக்கொரு முட்டைபோண்டா வாங்கிவந்தாள்.

எட்டாம் நாள் செயலாளர் மொக்கராசு போனில் பிடித்தார்.
“சார், விருமாயிக்கு அறுபத்தோரு லிட்டர்னு பில்லு வந்திருக்கு.
அது எருமையா, வைகை டேமா?”

தேடினேன்.
அந்தப் பதிவில் ஒரு குறை இல்லை.
ஒவ்வொரு குறியும் தன் ஜோடியோடு நின்றது.
ஆறுக்கும் ஒன்றுக்கும் நடுவே இருந்த புள்ளி மட்டும்
எங்கோ வழியில் இறங்கிப் போயிருந்தது.
என் நிரல் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
உடைந்தது, உடைந்தேன் என்று
கத்திக்கொண்டாவது வருகிறது.
இது குளித்து, விபூதி பூசி
வரிசையில் வந்து நின்றது.

அதன் பிறகு கையில் ஒரு நடுக்கம்.
கொழுப்பு வராத இடத்தில்
முந்தின நாள் கொழுப்பை எடுத்து வைத்தேனே,
நான்கு புள்ளி இரண்டு, நியாயமான எண்தான்,
ஆனால் அன்று பாலை அளந்தது நான் இல்லையே.
ராத்திரியே அந்த விதியை அழித்தேன்.
குறியை மூட எனக்கு உரிமை உண்டு.
பெயரை முடிக்க இல்லை.
காலி இடம் காலியாகவே இருக்கட்டும்.
பக்கத்தில் எழுது: இங்கே அறுந்தது.

அதனால் இன்று ஒச்ச
ஒச்ச என்றே நிற்கிறது.
பின்னால் நிற்கும் மேற்கோள்குறி மட்டும் நான் கொடுத்தது.
உறுப்பினர் பட்டியலில் ஒச்சம்மாள் இருக்கிறாள்,
ஒச்சப்பன் இருக்கிறான்,
துணைக்கால் வந்து சேருமுன் அறுந்திருந்தால்
ஒச்சாயியும்.
நான்கு லிட்டர் எழுநூறு மில்லி.
பத்து நாள் பட்டுவாடா நாளைக்கு.

மொக்கராசுவைக் கூப்பிட்டேன்.
பின்னால் கேன் உருளும் சத்தம்.
“ஒச்சப்பன் திருப்பூர் போயி ஒரு மாசமாச்சு.
ஒச்சாயி பசு முந்தாநேத்துதான் கன்னு போட்டுச்சு,
சீம்பாலையா கொண்டாந்து ஊத்துவா?
ஒச்சம்மாதான் சார். எழுதுங்க.”

இதை எந்த விதியில் எழுத?
பெனாசிர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்,
“கன்னுக்குட்டிக்கும் ஒரு கட்டம் சேர்த்துருவமா?” என்றாள்.
சேர்க்கவில்லை.
மூன்று எழுத்தைக் கையால் தட்டினேன்.
பக்கத்தில்:
திருத்தியவர் மொக்கராசு, போனில்.

சாயங்காலப் பால் வரத் தொடங்கிவிட்டது.
செக்கானூரணியிலிருந்து முதல் பதிவு.
அடைப்பு திறக்கிறது,
லிட்டர், கொழுப்பு,