வெயிட்டிங் காசு

வெள்ளிக்கிழமை. நீராவிப்பிட்டிப் பள்ளிவாசலுக்கு வெளியே
வேப்பமர நிழல் ஓட்டோவின் முன்சில்லுக்குத்தான் காணும்.
மீன்வாடி முபாறிஸ் இறங்கும்போது
"அரைமணித்தியாலம் அண்ணே, வெயிட்டிங் போடுங்க" என்றார்.

ஒலிபெருக்கியில் மௌலவி ஒரு தளபதியைப் பற்றிச் சொல்கிறார்.
பெயர் சொன்ன நேரம் மணல் டிப்பர் ஒன்று போனது.
பெயரில்லாமலே கேட்கிறேன்.

ஷாம் தேசத்தில் படை நடத்தியவராம்,
பிறகு ஹிம்ஸ் நகருக்கு ஆளுநராம்.
வருடம் ஒன்று போயும் கடிதமில்லை, வரிப்பணமில்லை.
கலீபா ஆளனுப்ப
மதீனா வரைக்கும் நடந்தே வந்தாராம்,
தலைமயிரெல்லாம் புழுதி.
கொண்டுவந்தது என்ன?
ஒரு பை, ஒரு கிண்ணம், தண்ணீர்த் தோல், ஊன்றுதடி.
ஏறிவர ஒரு மிருகம் கூடவா தரவில்லை?
அவர்கள் தரவில்லை. நான் கேட்கவுமில்லை.

பீடியை அணைத்தேன்.
பை என்ற சொல்லுக்குத்தான்.

தொண்ணூறாம் ஆண்டு, ஒட்டுசுட்டான் பக்கம்,
றோட்டுக்குக் குறுக்கே பாலைமரக் குற்றி,
அதற்கு இந்தப் பக்கம் எனக்குப் பதினெட்டு வயது.
ட்ரக்டர்களில் வந்தவர்களை இறக்கிப்
பைகளைக் கொட்டச் சொல்வது என் வேலை.
ஒரு பெண். இரண்டு சட்டை, பால்மா டின்,
வெள்ளைத் துணியில் சுற்றிய குர்ஆன்,
அடியிலே தையல் மெஷினின் தலை மட்டும்,
பிள்ளைக்குப் போலத் துவாய் போர்த்தி.
எடுத்து ஒருபக்கம் வைத்தேன்.
"தம்பி, அது தைக்கிற சாமான்" என்றாள்.
நான் ஒரு சொல் சொன்னேன்.

அதை இங்கே எழுதமாட்டேன்.

ஒலிபெருக்கி கரகரக்கிறது.
கலீபா மறுபடி பதவி கொடுக்கிறார்,
இவர் வேண்டாமென்கிறார்.
தன் பொறுப்பில் வாழ்ந்த கிறிஸ்தவன் ஒருவனை
அல்லாஹ் உன்னை இழிவாக்கட்டும் என்று
ஒருநாள் சொல்லிவிட்டாராம்.
ஒரு வசனம். அதற்கு ஒரு நாட்டையே விட்டிருக்கிறார்.

எனக்கு விட என்ன இருந்தது?
மாரிக்கு முன்பே துவக்கை ஒப்படைத்தேன்.
காய்ச்சலென்று காரணம் சொன்னேன். காய்ச்சல் உண்மைதான்.
அந்த மெஷின் கொஞ்சக்காலம் எங்கோ சீருடை தைத்ததாகக் கேள்வி.

தொழுகை முடிந்து செருப்புத் தேடும் சனம்.
முபாறிஸ் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வருகிறார்.
அவரும் அந்த வரிசையில் யாருடைய இடுப்பிலாவது இருந்தாரா,
அவர் சொன்னதில்லை. நான் கேட்கவுமில்லை.

"எவ்வளவு அண்ணே வெயிட்டிங்?"
வேண்டாம் என்று வாயெடுத்தேன்.
வேண்டாம் என்பதற்கும் ஒரு தகுதி வேணும்போல் பட்டது.
நூற்றைம்பது என்றேன்.
இருநூறு தந்தார். மிச்சத்துக்குச் சில்லறை இல்லை.
"பரவாயில்ல, நாளைக்குத் தாங்க" என்று
பின்சீற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.