வெளியே ஒரு சொட்டும் இல்லை

குளிர்ந்திருக்கும்போது இருபத்தைந்து.
களியக்காவிளை போய்த் திரும்பினால் பத்து.
குழித்துறைப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால்
முள் படுத்துவிடுகிறது,
பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை மேலே,
கண்ணை முழுசாய் மூடாமல் தூங்கும் பிள்ளைபோல.

இஞ்சின் பிரித்து, போர் செய்து,
மாலை போடாத குறையாய்
நான் இறக்கிக் கொடுத்த அம்பாசடர்.
"முப்பத்தெட்டாயிரம் வாங்கினீரே" என்று
தாசையன் கேட்கவில்லை.
தோட்டத்துச் சேறு காய்ந்த காலோடு
பட்டறை வாசலில் நின்றார், அவ்வளவுதான்.
திங்கள்சந்தைக்குக் குலை ஏற்ற
வாடகை ஜீப் பேசியிருந்தார்.

முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். அது சுலபம்.
செம்புக்குழாய் வைத்த பழைய ரகம் ஒன்றை மாட்டினேன்,
பொய் சொல்லத் தெரியாதது.
அதுவும் அதையே சொன்னது.
பிறகு ஆயில்.
கட்டியான ஆயில் ஊற்றியதும் இரண்டு ஏறியது,
காய்ச்சல்காரன் சுக்குக்காப்பி குடித்து
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த மாதிரி.
ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில்
ஒரு வாஷர் செருகினேன்.
(ஜினுவுக்கு மட்டும் தெரியும்.)
சம்ப்பை இறக்கி, பம்ப்பின் வயிற்றைத் திறந்து,
உறிஞ்சு குழாயை வாயில் வைத்து ஊதி,
நாக்கில் கசப்போடு எழுந்தேன்.
எல்லாம் சரி.

மிச்சம் இருந்தது ஒரு ஆள்.
கிராங்க் தேய்த்தவன். வடசேரி லேத், பத்மகுமார்.
"உன் மைக்ரோமீட்டர வச்சு
ஆப்பத்த அளந்தாப் போதும் வே" என்றேன் போனில்.
அவன் கோபப்படவில்லை.
"பேரிங்ல நூல் வச்சுப் பாத்தியா?"

வைத்தேன்.
பச்சை நூல் நசுங்கி அகன்ற அகலம்
மூன்று மெயினிலும் இரண்டு தவு.
அவன் வேலை சுத்தம்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள், மேம்பாலத்து மழைத்தண்ணீர் முழுக்க
எங்கள் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தபோது
டிக்கியில் ஜாக்கியைத் தேடினேன்.
கைக்கு வந்தது
வாழைக்கு மருந்தடிக்கிற தெளிப்பான்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினோம்.
மருந்துக்குப் பதில் ஆயில்.
மீட்டர் இருந்த துவாரத்தில் அதன் குழாய்.
ஜினு கைப்பிடியை அடிக்க
நான் டார்ச்சோடு கீழே மல்லாந்தேன்.

மெயின் ஒன்று: முத்து திரண்டு, யோசித்து, விழுந்தது.
மெயின் இரண்டு: அதே.
மூன்று: அதே, கொஞ்சம் சோம்பலாக.
கான்ராடுகள் நாலும் மரியாதையாய்ச் சொட்டின.
முன்பக்கம், டைமிங் செயினுக்குப் பின்னால்,
சின்னப் பையன் சுவரோரம் நின்று
ஒன்றுக்குப் போகிற சத்தம்.

"ஆயில் குறையல்ல, ஒழுகல்ல" என்று
நான் பெருமையடித்த நாளெல்லாம்
ஒழுகியது உள்ளேயே ஒழுகி
சம்ப்பில் இறங்கி
நல்லபிள்ளையாய்
மறுபடி பம்ப்புக்குப் போயிருக்கிறது.

கேலரியின் வாய்.
பிரஷ் விட்டுக் கழுவ அதன் பிளக்கை எடுத்தது
இந்தக் கைதான்.
மண்ணெண்ணெய் வாடை வரைக்கும் ஞாபகம் வருகிறது,
திரும்பப் போட்டது வரவில்லை.
"அண்ணே, நான் இல்ல" என்றான் ஜினு, கேட்பதற்கு முன்னால்.
பழையதை நான் தேடவில்லை.
புதுசு பதினெட்டு ரூபாய்.
விரல்நகம் அளவு பித்தளை.

வாஷரை மறக்காமல் உருவினேன்.

இப்போது குளிரில் அறுபது.
பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாலும்
இருபத்திரண்டில் முள் கண் விழித்திருக்கிறது.
தாசையன் தெளிப்பானை முகர்ந்து பார்த்தார்.
ஒரு சீப்பு மட்டிப்பழம் வைத்துவிட்டுப் போனார்.
பில்லில் எதுவும் கூட்டவில்லை,
குறைக்கவும் அவர் கேட்கவில்லை.

பிறகு வடசேரிக்குப் போன் போட்டேன்.
லேத் ஓடுகிற இரைச்சல்.
"பிளக்கு நான்தான் போடாம விட்டேன்."
"கேக்கல்ல."
உரக்கச் சொன்னேன்.
எதிர்க்கடையில் சாயா ஆற்றியவர்
கையை உயரத்திலேயே நிறுத்திப் பார்த்தார்.
"இன்னும் கேக்கல்ல வே."

லேத் எப்போதோ நின்றிருந்தது.
மூன்றாம் தடவையும் சொன்னேன்.